மங்கின ஹெட்லைட்: எந்த மங்கலுக்கு என்ன வைத்தியம்

ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் இரவு பத்து மணிக்குப் பிறகு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ரோட்டோரத்தில் நிற்கும் கறுப்பில் எது மரம், எது யானை என்று பிரித்துக்கொள்ள ஹெட்லைட்டை விட்டால் வேறு துணை இல்லை. ஒரு மார்கழி இரவு எனக்கு அது பிரியவில்லை. மரம் என்று நினைத்த ஒன்று காதை ஆட்டியது.

அடுத்த நாள் காலை திருகோணமலை உப்புவெளியில் வீட்டு முற்றத்தில் நின்று ஹெட்லைட்டைப் பார்த்தேன். துடைக்காத அரிக்கன் லாம்புச் சிமினி மாதிரி இருந்தது. வருஷக்கணக்காகக் கடற்காற்றிலும் வெயிலிலும் நிற்கிற கார், வேறு எப்படி இருக்கும்? புதிசு வாங்குவோம் என்றால் 2020 இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் ஊரில் ஓடிய வண்டிகளுக்கெல்லாம் ஐந்து வயது கூடிவிட்டது, லைட்டுக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு என்னுடையதோடு சேர்த்து அயலில் ஏழெட்டு வண்டிகளின் லைட்டைத் தேய்த்திருக்கிறேன். ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். நல்ல காலம், அது என்னுடையது. தேய்க்கத் தேய்க்கத் தெரிந்தது, மங்கல் ஒன்று இல்லை, பல சாதி. காய்ச்சலுக்குப் போடும் மருந்தை வயிற்று வலிக்குப் போட்டால் என்ன ஆகும்? அதைத்தான் பலர் ஹெட்லைட்டில் செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால் அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

முதலில் ஒரு வாளி தண்ணீர்

லென்ஸ் என்று நாம் சொல்வது கண்ணாடி இல்லை, பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் லேசில் உடையாது. ஆனால் மேற்பரப்பு மெத்தென்றது, சுலபமாகக் கீறும், வெயிலின் புற ஊதாக் கதிருக்கும் ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் தலைமுடியை விட மெல்லிய, கடினமான, தெளிந்த ஒரு பூச்சைப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும் வரை லென்ஸ் இருக்கும். பூச்சுத் தேய்ந்ததும் மஞ்சளும் மங்கலும் வருகின்றன.

மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் மாதிரிப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது அசல் கண்ணாடி. சந்தேகமென்றால் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி 'டிங்' என்னும், பிளாஸ்டிக் 'டொக்' என்னும்.

லென்ஸைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி உப்பையும் தூசியையும் போக்குங்கள். பிறகு நல்ல தண்ணீரை ஊற்றி, நனைந்திருக்கும்போதே உற்றுப் பாருங்கள். நனைந்ததும் தெளிந்து, காயக் காய மறுபடி வெளுத்தால் கோளாறு வெளிப்பக்கத்தில். வெயில் அரித்த மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும், வெளிச்சம் அவற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது சிதறல் குறைகிறது. அதாவது, உங்கள் லைட் திரும்ப வரும். நனைந்தும் துளி மாற்றம் இல்லை என்றால் கோளாறு உள்பக்கத்தில், அல்லது பின்னால் இருந்து வெளிச்சத்தை முன்னுக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டரில். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

மஞ்சள் நிறம் மட்டும் நனைந்தாலும் போகாது. ஆகவே நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், மங்கல் மாறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி

சவர்த் தண்ணீரால் வண்டி கழுவி வெயிலில் காயவிட்டதன் பலன். தண்ணீர் போய்விட்டது, அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் நின்றுவிட்டன. வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து ஐந்து நிமிஷம் லென்ஸில் ஒட்டி வையுங்கள். துடைத்து அலசுங்கள். அவ்வளவுதான். இதற்குப் போய் வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) எடுத்து, இருக்கிற நல்ல பூச்சையும் சுரண்டிவிடாதீர்கள்.

நனைந்தால் தெளிகிறது, காய்ந்தால் மங்குகிறது

பத்தில் எட்டு வண்டி இந்த வகைதான். மங்கல் லேசாக, கை வைத்தால் வழவழவென்று இருந்தால் முதலில் பொலிஷ் கொம்பவுண்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். பூச்சு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதுவே போதும். பொலிஷுக்குப் பணியாவிட்டால்தான் தேய்ப்பு.

பெயின்ற் விற்கும் கடையில் வோட்டர் பேப்பர் என்று கேளுங்கள்: 800, 1000, 1500, 2000, 3000 நம்பர்களில் ஒவ்வொரு தாள். சின்ன நம்பர் என்றால் முரடு, பெரிய நம்பர் என்றால் நைசு. இதோடு மாஸ்கிங் டேப், தண்ணீர் தெளிக்க ஒரு போத்தல், இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்று. இரண்டு லைட்டுக்கும் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

டேப்பை லென்ஸைச் சுற்றி இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஒரு அடுக்கைத் தாளின் விளிம்பு ஐந்தே நிமிஷத்தில் கிழித்து பெயின்றில் இறங்கிவிடும். தாள்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஸ்பொஞ்சில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் விழும்.

800 ஐ எடுத்து இடம் வலமாக மட்டும் தேயுங்கள், லென்ஸ் எப்போதும் நனைந்திருக்கட்டும். முதலில் வடியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், மஞ்சள் தடவிய மீனைக் கழுவின தண்ணீர் மாதிரி. தேய்க்கத் தேய்க்க அது மாறி, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாகும். அந்த நிறமாற்றத்துக்காகத்தான் காத்திருக்க வேண்டும். பழைய பூச்சும் வெயில் தின்ற பிளாஸ்டிக்கும் போய், நல்ல பிளாஸ்டிக் வந்துவிட்டது என்று அர்த்தம். ஓரங்களில் இன்னும் மஞ்சள் வடிந்தால் ஓரம் முடியவில்லை. மூலையை விட்டுவிட்டு நடுவைப் பளபளக்க வைப்பது எல்லோரும் செய்கிற பிழை. ஆறு மாதத்தில் அந்த மூலையிலிருந்துதான் புதிய பூச்சு கிளம்பும்.

இந்தக் கட்டத்தில் லென்ஸ் முன்பை விட மோசமாக இருக்கும். குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி முழுக்க வெளுத்துவிடும். எதிர்வீட்டு அண்ணை தன் வானை என்னிடம் விட்டுவிட்டு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த இடத்தில் ஓடி வந்தார். "தம்பி, இருந்ததையும் கெடுத்துப்போட்டியே!"

"பொறுங்கோ அண்ணை, இன்னும் நாலு தாள் கிடக்குது."

அடுத்தது 1000, இந்தமுறை மேலும் கீழுமாக. திசையை மாற்றுவது வீண் சடங்கு இல்லை. முந்தின தாளின் கோடு கிடையாகவும் இந்தத் தாளின் கோடு நெடுக்காகவும் இருந்தால், எது அழிந்தது எது அழியவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் அலசி, துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். நனைந்த லென்ஸ் எப்போதும் பொய் சொல்லும். கிடைக்கோடு ஒன்றாவது தெரிந்தால் அடுத்த தாளை எடுக்காதீர்கள்.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பாதை என்பதை இப்போதே தீர்மானியுங்கள், தேய்த்து முடித்த பிறகு இல்லை.

கையால் பூசும் யூவி (புற ஊதாத் தடுப்பு) சீலன்ற் போடப் போகிறீர்கள் என்றால் 1500, 2000, 3000 என்று கடைசி வரை போய், கொம்பவுண்ட் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கி, அதன்மேல் பூசுங்கள். சுலபமான வழி, பிழைத்தாலும் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஆனால் ஆயுள் குறைவு, அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும்.

ஸ்பிறே கிளியர் கோட் (நிறமில்லாத தெளிந்த பெயின்ற்) அடிக்கப் போகிறீர்கள் என்றால் பாதியில் நிறுத்த வேண்டும், பொலிஷ் கூடவே கூடாது. எந்த நம்பரில் நிறுத்துவது என்று டின்னிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 1000 க்கும் 2000 க்கும் இடையில். மங்கலாக இருக்கும் அந்த லென்ஸ்மேல் முதல் கோட் விழும்போது பாருங்கள், நனைந்த மாதிரி அப்படியே தெளிந்துவிடும். வாளித் தண்ணீர் செய்த அதே வேலையைக் கிளியர் நிரந்தரமாகச் செய்கிறது. அண்ணை அப்போதுதான் வேலியை விட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

கிளியரிலும் இரண்டு சாதி உண்டு. வன்கே (1K) என்பது டின்னைக் குலுக்கி அடிப்பது. டூகே (2K) என்பது அடியில் இருக்கும் ஊசியை அமுக்கி ஹாட்னரைக் கலந்துவிட்டு அடிப்பது. டூகே நீண்ட நாள் நிற்கும், பெற்றோல் பட்டாலும் அசையாது. ஆனால் அதன் ஹாட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குப் பொல்லாதது. கொரோனா காலத்துத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பெயின்ற் ஆவிக்குரிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி, திறந்த வெளி எல்லாம் இருந்தால் அடியுங்கள். இல்லையென்றால் வன்கே, அல்லது சீலன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் டூகே பக்கமே போக வேண்டாம். எந்த டின்னாக இருந்தாலும் யூவி தடுப்பு உண்டு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தளபாடத்துக்கு அடிக்கும் சாதாரண வார்னிஷ் இதற்கு ஆகாது. அதுவே மஞ்சளாகும், போதாக்குறைக்கு அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கையும் கடிக்கும்.

தோல் உரிந்த மாதிரி திட்டுத் திட்டாக

பழைய பூச்சு பாதி போய், பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை அதேதான், ஆனால் 800 இல் தொடங்கினால் விடியும். 400 அல்லது 600 இல் தொடங்கி, ஒட்டிக்கொண்டிருக்கும் திட்டு முழுவதையும் எடுங்கள். விரலால் தடவினால் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு தட்டக்கூடாது. தட்டினால், மேலே எதைப் பூசினாலும் வெயிலில் அந்த விளிம்பு தீவுகள் மாதிரித் தெரியும்.

பற்பசை போட்டேன், மாதம் போகவில்லை, பழைய கதை

பற்பசையில் மெல்லிய அரைதூள் இருக்கிறது, அதனால் லேசான மங்கல் போகத்தான் செய்யும். பொய் இல்லை. ஆனால் பாதுகாப்பு எதையும் விட்டுப்போகாது. இருந்த கொஞ்சப் பூச்சையும் சுரண்டிவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கை நிலாவெளி வெயிலுக்குக் கொடுத்தால் முன்பை விட வேகமாக மஞ்சளாகும். கல்யாணத்துக்கு வண்டி கொடுக்கிறீர்கள், நாளைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றால் பற்பசை போடுங்கள். வேறு எதற்கும் வேண்டாம்.

நுளம்பு கடிக்காமல் உடம்பில் அடிக்கும் ஸ்பிறேயைத் துணியில் தெளித்துத் துடைத்தால் பளிச்சென்று வருகிறது என்று ஒரு வித்தை ஊருக்குள் சுற்றுகிறது. வரும். அந்த ஸ்பிறேக்கள் பலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கரைந்த மேற்பரப்பு வழிந்து பள்ளங்களை மூடும், அதுதான் அந்தப் பளிச். இரண்டு கிழமையில் பிசுபிசுத்து, தூசி ஒட்டி, முன்பை விட மோசமாகும். பிரேக் ஒயில் வித்தையும் இதே குடும்பம், கூடுதலாக அது காரின் பெயின்றையும் தின்னும்.

தேய்த்த பிறகு கோடு கோடாக

இரவில் லைட் போட்டால் சிலந்திவலை மாதிரிக் கோடுகள். மூன்றில் ஒன்று நடந்திருக்கும். தாள் நம்பரைத் தாவியிருப்பீர்கள்: 800 போட்ட கோட்டை 2000 ஆல் அழிக்க முயன்றால் கை போகும், கோடு போகாது. அல்லது ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தாளையும் நனைத்திருப்பீர்கள், 800 இன் ஒரு மணல் 2000 க்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்குத்தான் இரண்டாவது வாளி. மூன்றாவது, தாள் நிலத்தில் விழுந்ததும் அப்படியே எடுத்துத் தொடர்ந்திருப்பீர்கள். கடற்கரை ஊரில் நிலம் என்றால் மணல். விழுந்த தாளை எறிந்துவிட்டுப் புதியதை எடுங்கள், ஒரு தாளின் காசுக்கு லென்ஸைப் பலி கொடுக்காதீர்கள்.

வைத்தியம், கோட்டின் தடிப்புக்கேற்ப இரண்டு நம்பர் பின்னால் போய்த் திரும்ப ஏறி வருவதுதான். கொம்பவுண்டைக் கூட்டி அழுத்தினால் போய்விடும் என்று டிரில்லில் பஃப் மாட்டி ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பொலிகார்பனேட் சூட்டில் இளகும், ஒரு வினாடி கூடுதலாக நின்றால் மேகம் மாதிரி ஒரு கறை விழும். டிரில் மெதுவாகச் சுற்ற வேண்டும், கை வேகமாக நகர வேண்டும்.

அடித்த கோட் நகம் பட்டதும் உரிகிறது

இது என் சொந்தக் கதை. முதல் தடவை 3000 வரை தேய்த்து, கொம்பவுண்ட் போட்டு, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டு, அதன்மேல் கிளியர் அடித்தேன். பளபளப்பின் மேல் பளபளப்பு, இரட்டிப்பு நல்லது என்ற கணக்கு. மூன்றாம் மாதம் ஓரத்தில் ஒரு கொப்புளம். நகத்தால் தட்டினேன், வெங்காயத் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது.

பெயின்றுக்குப் பிடிமானம் வேண்டும். வழவழப்பில் அது ஒட்டாது, சொரசொரப்பில்தான் வேர் விடும். போதாததற்கு கொம்பவுண்டில் இருக்கும் எண்ணெயும் மெழுகும் மிச்சமிருந்தால் கோட் விழும்போதே மீன்கண் மாதிரி வட்டக் குழிகள் விழும். இரண்டும் எனக்கு நடந்தது. உரிந்த கோட்டை முழுக்கத் தேய்த்தெடுத்து 600 இலிருந்து திரும்பத் தொடங்கினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு போயிற்று.

கோட் அடிக்கும் முன் கடைசித் துடைப்பு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால். அதற்குப் பிறகு விரல் நுனிகூடப் படக்கூடாது.

ஸ்பிறே அடித்ததும் பால் மாதிரி வெளுத்தது

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று மழையோடு இறங்கும்போது அடித்திருப்பீர்கள். கோட் காயும்போது குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. லேசாக வெளுத்திருந்தால் அவசரப்படாமல் வெயில் ஏறிய நாளில் காயவிடுங்கள், சில வேளை தானாகத் தெளியும். தெளியாவிட்டால் தேய்த்தெடுத்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

ஆனி, ஆடியில் வேறு கூத்து. கச்சான் காற்று சூடாகவும் காய்ந்தும் வரும், கோட் லென்ஸில் விழுமுன்பே பாதி காய்ந்துவிடும். விழுந்தது தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக நிற்கும். போதாததற்குக் கூடவே மணலும் வரும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், காற்று எழும்புமுன், நிழலில் அடியுங்கள். நிலத்தில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி கிளம்பாது. ஒரு சாண் தூரத்திலிருந்து, லென்ஸுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டி, மெல்லிய கோட் இரண்டு மூன்று. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வழியும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வையுங்கள். தோடம்பழத் தோல் ஏற்கனவே விழுந்துவிட்டது என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு 2000, 3000 போட்டுப் பொலிஷ் பண்ணினால் சமமாகும். கோட்டைத் தாண்டிப் போய்விடாதபடி கை மட்டும் மெதுவாக இருக்கட்டும்.

முடி முடியாக வெடிப்பு, நகத்துக்குத் தட்டவில்லை

சாய்த்துப் பார்த்தால் மினுங்கும், மீன் செதில் மாதிரி. வெளியே தடவினால் வழவழப்பு. இந்த வெடிப்பு பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் இருக்கிறது. பழசாகி வருவதும் உண்டு, தின்னர் பட்டு வருவதும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் வண்டியைப் பெயின்ற் வேலைக்கு விட்டபோது, ஹெட்லைட்டில் சிதறிய பெயின்றைத் தின்னரால் துடைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பளபளவென்றிருந்தது. ஒரு மாதத்தில் லென்ஸ் முழுக்கச் செதில்.

மேலோட்டமானது என்றால் 400 இல் கொஞ்சம் போகும். ஆழமென்றால் விட்டுவிடுங்கள், நீங்கள் தேய்க்கும் ஆழத்துக்கு லென்ஸ் பாதியாகிவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த செற் ஒன்று தேடுவதுதான் வழி. வாங்கும்போது வெளி மங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதைத்தான் நாம் எடுக்கப் பழகிவிட்டோமே. உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரையும் பின்பக்கக் கொளுக்கிகளையும் பாருங்கள்; மங்கின செற்றுக்கு விலையும் பேசலாம்.

இனித் தின்னர், அசிற்றோன், பெற்றோல், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் லென்ஸுக்கு அருகே வேண்டாம்.

உள்ளே வியர்க்கிறது

மழை நாளில் ஓரத்தில் மெல்லிய ஆவி படர்ந்து, லைட் போட்டு அரை மணித்தியாலம் ஓடியதும் மறைந்தால் நோய் இல்லை. ஹெட்லைட் மூச்சு விடும் பெட்டி, பின்பக்கம் அதற்கென்று சின்னக் காற்றுத் துளைகள் உண்டு. சொட்டுச் சொட்டாக நின்றாலோ, அடியில் தண்ணீர் குளம் கட்டினாலோதான் பார்க்க வேண்டும்.

பொனற்றைத் திறந்து பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைத் தேடுங்கள். "தேடுங்கள்" என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பல வண்டிகளில் அது இருக்காது. யாரோ எப்போதோ பல்ப் மாற்றும்போது கழற்றி எங்கேயோ வைத்த மூடி. அது இல்லாமல் வண்டி கழுவினால் தண்ணீர் நேராக உள்ளேதான். மூடி சரியாக இருந்தால் காற்றுத் துளையில் குளவிக்கூடு, மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் லென்ஸும் பெட்டியும் ஒட்டும் விளிம்பில் வெடிப்பு.

பல்பைக் கழற்றி, பின்துளையை வெயிலுக்குக் காட்டி ஒரு நாள் காயவிடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை ஓர் இரவு உள்ளே போட்டு, நூல் கட்டி, மறக்காமல் இழுத்து எடுங்கள். வெடிப்பை அடைக்க சிலிக்கோன் வாங்கும்போது மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் வேண்டாம், அந்த ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சை அரிக்கும். மணமில்லாத வகை கேளுங்கள். தண்ணீர் வடிய அடியில் துளை போடச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. வடிகிற துளையால் தூசியும் எறும்பும் ஏறும், கேட்காதீர்கள்.

லென்ஸ் பளிங்கு, வெளிச்சம் மட்டும் இல்லை

பல்பைக் கழற்றி அந்தத் துளையால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி இல்லாமல், சாம்பல் பூத்தோ பல்புக்கு மேலே கருகியோ இருந்தால் ஆள் முடிந்தது. அது வெள்ளி மாதிரித் தெரியும் மெல்லிய அலுமினியப் பூச்சு, துணியால் ஒருமுறை துடைத்தாலே கையோடு வந்துவிடும். அடியில் மங்கல் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். கருகியதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம்: 60/55 வாற் எச்4 (H4) பல்ப் போட வேண்டிய இடத்தில், வெளிச்சம் கூடட்டும் என்று 100 வாற் போட்டிருப்போம்.

ரிஃப்ளெக்டர் நன்றாக இருந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. போகும் வோல்ற் பத்திலொரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் விழுந்துவிடும். என்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்ரிமீற்றரைப் பற்றரியில் வையுங்கள். 14 வோல்ற் பக்கம் காட்டும். பிறகு பல்பின் பிளக்கில் வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் வழியில் யாரோ தின்கிறார்கள். இந்த ஊரில் அந்த யாரோ பெரும்பாலும் ஏர்த் வயர்தான். உப்புக் காற்றுக்கு அதன் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கழற்றி, பழைய தாளில் ஒரு துண்டு கிழித்துச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ். செலவு சுழியம், சில வேளை லென்ஸ் தேய்த்ததை விட இதில்தான் வெளிச்சம் கூடுகிறது. புதுப் பல்ப் போட்டால் அதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பல்ப் சீக்கிரம் போகும்.

ஹாலஜன் பெட்டிக்குள் எல்ஈடி பல்ப் மாட்டுவது தீர்வு இல்லை. உங்களுக்கு வெள்ளையாகத் தெரியும், எதிரே வருபவர் கண் கூசும். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் இரவில் மான்கள் ரோட்டில் படுத்திருக்கும் ஊரில், எதிரே வருபவருக்கும் கண் தெரிய வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் மங்குகிறது

கோளாறு காரில் இல்லை, வேப்பமரத்தில். என் முற்றத்தில் காரின் இடது பக்கம் மர நிழல், வலது பக்கம் நாள் முழுக்க வெயில். வலது லென்ஸ்தான் எப்போதும் முந்தும். காரைத் திருப்பித் திருப்பி விடலாம், அல்லது முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்தலாம். என் வீட்டில் பழைய சாரத்தைக் கிழித்து, ஓரத்தில் இலாஸ்டிக் தைத்து இரண்டு உறை செய்து தந்தார்கள். மாட்டுமுன் லென்ஸில் மணல் இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியே வோட்டர் பேப்பர் ஆகிவிடும். எடுக்குமுன் கழற்றவும் வேண்டும். ஒருநாள் மறந்து, சாரம் கட்டின காரோடு மட்கோ வரை போய்விட்டேன்.